தபசுகாலத்து மனுசன்

சாவி ஒரே தடவையில் பூட்டுக்குள் போய்விட்டது. தேடவில்லை. உரசவில்லை. அப்படியென்றால் குடிக்கவில்லை. குடிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரிந்ததுதானே, இது தபசுகாலம். பிறகேன் என் காது போய்க் கதவடியில் நிற்கிறது?

பேர்ணடெற் பாதி நறுக்கிய பயற்றங்காயோடு குசினியில் அசையாமல் நின்றாள். ஒரு சப்பாத்து கழன்றது. பிறகு மற்றது. இரண்டையும் ஹியூபேட் சுவரோரமாகச் சேர்த்து வைக்கும் சத்தம் கேட்டது. மற்றக் காலங்களில் ஒன்று மட்டும்தான் கழலும். மற்றதைக் காலோடு வைத்துக்கொண்டு கதிரையில் சரிந்துவிடுவான், அவள் வந்து குனிந்து லேஸை அவிழ்க்கும் வரைக்கும்.

இப்படிக் கேட்கிற காது அவளுக்குத் தாய் வீட்டில் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியில், ஸாலிஹ் நானாவின் தேங்காயெண்ணெய்க் கடைக்கு மேலே இந்த மாடி வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்த பிறகு வளர்ந்தது. சாவியையும் சப்பாத்தையும் கேட்டால் போதும், அன்றைய இரவு எப்படிப் போகும் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கேட்பதற்கு வேறு சத்தமும் இல்லை.

ஹியூபேட் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் வோட்டர் கிளார்க். கப்பல் வந்து வெளியே நங்கூரம் போட்டதும் லோஞ்சில் போய் ஏறுவான். கப்டனுக்கு என்ன தேவை என்று கேட்பான், தண்ணீரும் மரக்கறியும் ஏற்றுவிப்பான், சுகமில்லாத மாலுமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவான். எந்தக் கப்பலில் ஏறினாலும் கப்டன் முதலில் எடுத்து வைப்பது கிளாஸ். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. குடி அவனுக்கு ஒரு மரியாதையாகத்தான் தொடங்கியது. பிறகு லோஞ்சிலேயே அவனோடு கரைக்கு வந்து, வீட்டுப் படியும் ஏறிவிட்டது. ஜனவரியில் கொழும்புக் கோட்டையில் அந்தப் பெரிய குண்டு வெடித்ததிலிருந்து அது நித்திரைக்கு மருந்தாகவும் ஆனது.

ஆனால் விபூதிப் புதன் காலையில் நெற்றியில் சாம்பல் பட்டுவிட்டால், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டான். அவனுடைய தகப்பனும் அப்படித்தான் இருந்தாராம். கப்டன்மாரிடம் 'லென்ற்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கிரேக்கரும் பிலிப்பைன்காரரும் உடனே விளங்கிக்கொண்டு போத்தலை உள்ளே வைத்துவிடுவார்கள்.

அந்த நாற்பது நாளும் வீட்டில் இருக்கிற மனுசனுக்கு பேர்ணடெற் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். தபசுகாலத்து மனுசன். அந்த மனுசன் சட்டையைத் தானே மடித்து வைப்பான். வெள்ளிக்கிழமைகளில் அவளோடு சிலுவைப்பாதைக்கு வருவான். அவள் கதைத்தால் அவளுடைய முகத்தைப் பார்ப்பான். அவளுக்கு அவனில் விருப்பம். அந்த விருப்பத்துக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. ஆண்டவருக்காக நாற்பது நாள் விடுகிறார், எனக்காக ஒரு பின்னேரம் விடவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்றால், ஆண்டவரில் பொறாமைப்படுவது பத்துக் கற்பனைகளில் எதற்கு எதிரான பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஒரு வருசம் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை, புனித லூசியா கோயிலில் முழங்காலில் நின்றபோது, நாளைக்கு விடியாவிட்டால் என்ன என்று நினைத்தாள். கல்லறை மூடியபடியே இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள். நினைத்தவுடன் பயந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடுத்த வருசமும் அதே நினைவு அதே இடத்தில் வந்து காத்திருந்தது.

இன்றைக்கு ஹியூபேட் ஒரு பார்சலோடு வந்திருந்தான். பழுப்புக் கடதாசியில் சுற்றி, கப்பல் கயிற்றால் கட்டியிருந்தது. மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தான். பீஜித் தீவுக்காரனான இலியேசா என்ற போசன் கொடுத்தது என்றான். கப்பலில் இருபது பேரை வேலை வாங்குகிற ஆள், பல்வலியில் குழந்தை மாதிரி அழுதிருக்கிறான். ஹியூபேட் அவனைப் புறக்கோட்டையில் ஒரு பல் டொக்டரிடம் கூட்டிப்போய், பிடுங்கி முடியும் மட்டும் பக்கத்தில் கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறான். அதற்கு நன்றியாகத் தன்னுடைய சொந்தப் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தானாம். ஒரு வேரின் தூள். காவா என்று சொல்வார்கள். நரம்புக்கு நல்லது, மனதை ஆறவைக்கும், நித்திரை வரும்.

ஜெற்றியில் கடற்படைக்காரர் பார்சலை அவிழ்க்கச் சொன்னதையும், தூளைக் கண்டதும் இரண்டு பேர் பின்னுக்குப் போனதையும், தான் ஒரு சிட்டிகை எடுத்து நக்கிக் காட்டியதையும் சொன்னான். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு நாக்கு மரத்துப்போய், சிங்களம் ஒழுங்காக வரவில்லையாம். அவன் சிரித்துச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் குளிக்கப் போன நேரத்தில், வேரென்றால் அதற்குச் செய்ய வேண்டியதை பேர்ணடெற் செய்தாள். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் தட்டிப் போட்டு, தண்ணீர் விட்டு, தூளில் இரண்டு கரண்டி சேர்த்து அடுப்பில் வைத்தாள். எட்டில் ஒன்றாக வற்றட்டும் என்று நெருப்பைக் குறைத்தாள். வற்றவில்லை. இறுகியது. அவன் தலையைத் துடைத்தபடி வந்து பார்த்தபோது, சட்டிக்குள் கரண்டி தானாக நின்றது.

"என்னப்பா இது?"

"கசாயம்."

அவன் கரண்டியைப் பிடித்து இழுத்தான். சட்டியும் கூட வந்தது. "இதாலை கப்பல் ஓட்டையையே அடைக்கலாம்," என்றான். பிறகு குசினிக் கதவில் சாய்ந்து நின்று சிரிக்கத் தொடங்கினான். "பச்சைத் தண்ணியிலைதான் பிசையவேணும். உம்மடை கையிலை அந்தப் போசனையே குடுத்தாலும் வேர்க்கொம்பு போட்டு அவிச்சுத்தான் தருவீர்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்ததும் அது நின்றது.

அன்று அவனே எல்லாம் செய்தான். தேங்காய்ப்பால் பிழிகிற துணியைக் கேட்டு வாங்கினான். தூளை அதில் முடிச்சாகக் கட்டி, எனாமல் பேசினில் பச்சைத் தண்ணீர் விட்டு, அதற்குள் பிசைந்து பிசைந்து பிழிந்தான். தண்ணீர் மண்ணிறமாக மாறியது. அவள் சட்டி தேய்க்கும் சிரட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, தும்பு போக உரசிக் கழுவிக் கொடுத்தாள். கீழே பாயை விரித்தான். பிறகு, "வாரும், இரும்," என்றான்.

"நானோ?"

"தனியக் குடிக்கக்கூடாதாம். நிண்டுகொண்டும் குடிக்கக்கூடாதாம். போசன் சொன்னவன்."

இது குடிதானே என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். தலை தெளிவாக இருக்கும், கால்தான் கொஞ்சம் தன்னை மறந்துபோகும். அங்கே பாஸ்ரர்மாரும் சனத்தோடு இருந்து குடிப்பார்களாம். இரண்டு விசயம்தான் கவனம். அளவுக்கு மிஞ்சினால் தோல் மீன் செதில் மாதிரி உரிந்துவிடும். மற்றது, சாராயத்தையும் இதையும் ஒருநாளும் ஒரே வயிற்றுக்குள் சந்திக்க விடக்கூடாது. கோயில் சுவாமியாரிடம் ஒரு சொல் கேட்கலாமா என்று நினைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். ஆகையால் கேட்கவில்லை.

சிரட்டையை நிரப்பி முதலில் அவளிடம் நீட்டினான். வாங்குமுன் ஒரு தடவை கைதட்ட வேண்டும், ஒரே மூச்சில் குடித்து முடித்த பிறகு மூன்று தடவை. அவள் வெட்கத்தோடு ஒரு தடவை தட்டினாள். மழைவெள்ளத்தில் மிளகைக் கரைத்த மாதிரி இருந்தது. வெற்றிலைக் காம்பைக் கடித்தது போல ஒரு காரம் நாக்கின் நுனியில் தொடங்கி, உதட்டுக்கு வந்து, பிறகு நாக்கே இல்லாமல் போனது.

சாராயப் பின்னேரங்களில் அவளுக்கு ஒரு இடம் இருந்தது. அது அடுப்படி. அவனோ அவனுடைய கூட்டாளிகளோ குடிக்கும்போது கடலை வறுக்க வேண்டும், கருவாடு பொரிக்க வேண்டும், தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இந்தத் தண்ணீருக்கு ஒன்றும் பொரிக்கத் தேவையில்லை. அவளுக்கு எழும்பிப் போகக் காரணமில்லை. சும்மா இருப்பது எப்படியென்று கைகளுக்குத் தெரியவில்லை. மடியில் அவை இரண்டும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கீழே ஸாலிஹ் நானா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். இவ்வளவு காலமும் அந்தச் சத்தங்கள் இருந்திருக்கின்றன. அவள் சாவியை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன் பிறகு பின்னேரங்கள் அப்படியே போயின. பாய், பேசின், சிரட்டை. முதல் கிழமை அதிகம் கதைக்கவில்லை. அவன் நித்திரை கொண்டான், நடுவில் எழும்பாமல். அவள்தான் பழக்கத்தில் விழித்து, அவனுடைய மூச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தாள்.

ஒருநாள், கேட்காமலே, அந்த ஜனவரிக் குண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும்தான் அதுவரை சொல்லியிருந்தான். அது உண்மைதான். வெடித்த நேரம் அவன் லோஞ்சில் இருந்தான். சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது, பிறகு புகை. பின்னேரம் கோட்டையிலிருந்த கந்தோருக்குள் விட்டார்கள். அவனுடைய கதிரையின் முதுகில் யன்னல் கண்ணாடித் துண்டுகள் வரிசையாகக் குத்தி நின்றனவாம், சீப்பின் பல் மாதிரி. மேசையில் வைத்த தேத்தண்ணீர்க் கோப்பை மட்டும் ஆடாமல் அப்படியே இருந்ததாம். மரத்த உதடுகளால் மெல்ல மெல்லச் சொன்னான், ஒவ்வொரு சொல்லையும் எங்கே வைப்பது என்று பார்த்து வைப்பவன் போல. அவள் பாயில் தன்னுடைய பாதத்தை நகர்த்தி அவனுடைய பாதத்தோடு சேர்த்து வைத்தாள். இரண்டு பாதங்களும் மரத்திருந்தன. யாருடையது எதுவென்று சிறிது நேரம் தெரியவில்லை.

போன நவம்பரில் நடந்தது அவளுடைய நெஞ்சை விட்டு இன்னும் இறங்கவில்லை. ஆமர் வீதி சென்றியில் அவன் குடிவெறியில் நின்று, அடையாள அட்டையைக் கேட்ட ஆமிக்காரனுக்கு ஏதோ பகிடி சொல்லியிருக்கிறான். வெறியிலிருக்கும் தமிழனின் பகிடியை யார் கேட்பார்கள். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் ஒரு இரவு முழுக்கப் பொலிஸ் ஸ்ரேசன் வாசலில் நின்றாள். விடிந்ததும் வெள்ளவத்தையிலிருந்து ஹியூபேட்டின் தமையன் யேசுரட்ணம், தெரிந்த ஒரு சிங்கள லோயரைக் கூட்டிக்கொண்டு வந்து, மத்தியானத்துக்கு முன் அவனை வெளியே எடுத்தார். அப்படி எடுக்க ஆளில்லாதவர்கள் சிலர் அன்று உள்ளேயே இருந்தார்கள். அவர்களின் தாய்மாரின் முகங்கள் அவளுக்கு இன்னும் ஞாபகம். அதற்குப் பிறகு சாவிச் சத்தத்தைக் கேட்பதற்கு முன் அவள் இன்னொன்றையும் கேட்கப் பழகினாள், அவன் வீதியால் வருகிறானா என்று.

தபசுகாலத்தின் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம், விளக்குப் போட்ட கையோடு கதவில் தட்டினார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிவு பார்க்க வந்த ஒரு சார்ஜன்ற், பின்னால் இரண்டு கொன்ஸ்தாபிள்மார். இப்படி வந்தால் அவள்தான் முன்னுக்குப் போவாள், வெறியில் அவன் வாய் திறக்க முதல். அன்றைக்குக் காவாவில் மரத்த அவளுடைய கால்கள் எழும்ப மறுத்தன. ஹியூபேட்தான் சுவரைப் பிடித்து எழும்பிப் போனான். பத்திரங்களை எடுத்துக் கொடுத்தான். கேட்டவற்றுக்கு நல்ல சிங்களத்தில், தேவையான அளவுக்கு மட்டும் பதில் சொன்னான். சார்ஜன்ற் அவனுடைய முகத்துக்குக் கிட்ட வந்து மூச்சை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பேசினைக் காட்டி, "மே மொகக்த?" என்றார், இது என்ன என்று.

"பேத், மாத்தயா. நிந்தட்ட," என்றான் ஹியூபேட். மருந்து ஐயா, நித்திரைக்கு.

தனக்கும் இப்போது நித்திரை வருவதில்லை என்று சார்ஜன்ற் சொன்னார். வயதான மனுசன், கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. சுண்டுவிரலைப் பேசினில் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. நித்திரை இல்லாமல் இருப்பதே மேல் என்று கொன்ஸ்தாபிள்மாரிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். படியின் அடிவரைக்கும் அவர் துப்புவது கேட்டது.

ஹியூபேட் திரும்பி வந்து பாயில் இருந்தான். அவள் கால் தெளிந்த பிறகு, பேசினைக் கழுவுகிற சாட்டில் குசினிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயத்தில் இல்லை. பயப்படாமல் ஒரு தடவை இருந்துவிட்டோம் என்பது அவளைத் தாங்க முடியாமல் ஆக்கியது.

குருத்து ஞாயிறு பின்னேரம் யேசுரட்ணமும் அவருடைய மனைவி நேசமலரும் வந்தார்கள். யேசுரட்ணம் பாயைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார்.

"உதென்னடா, எருமை குளிச்ச தண்ணியோ?"

ஹியூபேட் விளக்கம் சொன்னான். அவர் பாயில் இருக்கவில்லை, முழங்கால் மடியாது என்று கதிரையை இழுத்துப் போட்டார். நேசமலர் மட்டும் கைதட்டி ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்ரை நாக்கைக் காணேல்லை," என்றார்.

"ஹியூபேட், இவளுக்கு இன்னொண்டு குடு," என்றார் யேசுரட்ணம். "வீட்டை போய்ச் சேருமட்டும் காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுசன் இல்லை. கொழும்பில் ஆபத்து என்று வந்தால் பேர்ணடெற் முதலில் ஓடக்கூடிய வாசல் அவருடையது. போகும்போது, பாஸ்காவுக்குப் பழைய சாராயம் நல்லதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பூசை முடிய வருகிறோம் என்றார். பிறகு அவளுடைய தலையில் கையை வைத்து, "தங்கச்சியின்ரை கையாலை முதல் கிளாஸ்," என்றார். ஹியூபேட் பாயின் விளிம்பில் பிரிந்த ஓலையொன்றை உள்ளே செருகிக்கொண்டிருந்தான்.

அது அவர்கள் குடும்பத்து வழக்கம். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், தபசை முடிக்கிற முதல் கிளாஸை வீட்டுக்காரி ஊற்றிக் கொடுக்க வேண்டும். மாமியார் இருந்தவரைக்கும் அவர் மாமாவுக்கு ஊற்றினார். கலியாணம் முடித்த முதல் வருசம் பேர்ணடெற் புதுக் காப்பு குலுங்க ஊற்றியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்த வாரம் முழுக்க, துணி தோய்க்கும்போதும் அரிசி களையும்போதும், அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபசுகாலத்து மனுசனை வருசா வருசம் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். சாராயம், கப்டன்மார், தமையன், நாட்டு நிலைமை. ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்தது இந்தக் கை.

பெரிய சனிக்கிழமை பின்னேரம் தூளைப் பிசையும்போது ஹியூபேட் தலையை நிமிர்த்தாமல் கதைத்தான்.

"இலியேசா அடுத்த பயணத்திலை இன்னும் கொண்டு வாறானாம். கேட்டு வைச்சனான்."

"நல்லது."

"பாஸ்கா முடிஞ்சாலும் இதையே வைச்சுக்கொள்ளலாம் எண்டு நினைக்கிறன்."

அவள் அந்தச் சொற்களை மனதுக்குள் ஒரு தடவை திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவன் சொல்லி முடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. காத்திருந்தாள்.

"நாளைக்கு மட்டும், ஒரே ஒரு கிளாஸ். அண்ணைக்கு முன்னாலை மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஸ்ரேசனிலை வந்து நிண்ட மனுசன். நீர் ஊத்தித் தாரும், நான் குடிக்கிறன், அதோடை சரி."

"ரெண்டும் ஒரே வயித்துக்கை சந்திக்கக் கூடாதெண்டு சொன்னீங்கள்."

"நாளைக்கு இது வேண்டாம்."

"நாளையிண்டைக்கு?"

அவன் முடிச்சை இறுக்கிப் பிழிந்தான். மண்ணிறத் தண்ணீர் விரல்களுக்கிடையால் வழிந்தது. நாளை மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படியிருக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பிழியமாட்டான். 'மட்டும்' என்ற சொல் அவளுக்குப் பழக்கமான சொல். இன்றைக்கு மட்டும், இந்தக் கப்டனுக்காக மட்டும், பிறந்தநாளுக்கு மட்டும். அவன் பொய் சொல்லவில்லை. சொல்லும் நேரத்தில் அவன் அதை முழுதாக நம்புவான். அதுதான் அவளுக்கு எப்போதும் நோவது.

சிரட்டை அவளிடம் வந்தது. கைதட்டினாள், குடித்தாள், மூன்று தடவை தட்டினாள். அந்த இரவு பாஸ்காப் பூசையில் முழங்காலில் நின்றபோது, விடியக்கூடாது என்ற அந்தப் பழைய நினைவு வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தாள். விடியட்டும் என்றுதான் இருந்தது. அது அவளுக்கே புதுமையாக இருந்தது.

காலையில் யேசுரட்ணமும் நேசமலரும் வந்தார்கள். நேசமலர் கேக்கும் பற்றீசும் கொண்டு வந்திருந்தார். பேர்ணடெற் இறைச்சிக் கறி வைத்திருந்தாள், மேசைக்கு வெள்ளை விரிப்புப் போட்டிருந்தாள். கோயில் வாசலில் பைகளைக் கிண்டிக் கிண்டிப் பார்த்த கதையை நேசமலர் சொன்னார். வெள்ளவத்தையில் பக்கத்து லொட்ஜில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கதையை யேசுரட்ணம் சொன்னார். சொல்லும்போதே போத்தலின் மூடியைத் திருகி, முத்திரையை உடைத்தார். கண்ணாடி அலுமாரியிலிருந்து தகப்பனுடைய கிளாஸை அவரே எடுத்து, கைலேஞ்சியால் துடைத்து, போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். சாராய மணம் மேசைக்கு மேலால் வந்து அவளைத் தொட்டது. அந்த மணத்தோடு அவளுக்குப் பகையில்லை. கலியாண இரவிலும் அது இருந்தது.

"வாரும் தங்கச்சி," என்றார். "ஊத்தும். மனுசன் நாற்பது நாள் காய்ஞ்சு போயிருக்கிறான்."

பேர்ணடெற் போத்தலைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குள் கவிழ்த்துவிட அவளால் முடியும். அப்படிச் செய்தால் இவர் எனக்காக விட்டவர் ஆகமாட்டார், நான் விடுவித்தவள் ஆவேன். சாவிக்குக் காது கொடுத்த மாதிரி, போத்தலுக்கும் காவல் இருக்க வேண்டிவரும். அது வேண்டாம். இவருடைய கை இவருடையது. என்னுடையது மட்டும் என்னுடையது.

அவள் எழும்பவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்தாள். அவை இப்போது அவளுடைய கைகளாகவே இருந்தன.

"நான் ஊத்தேல்லை, அத்தான்."

பகிடி என்று நினைத்து யேசுரட்ணம் சிரித்தார். நேசமலர் சிரிக்கவில்லை. கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை அப்படியே பிடித்தபடி பேர்ணடெற்றைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, எங்கடை வழக்கமெல்லோ. கோவமோ?"

"கோவமில்லை, அத்தான். நீங்கள் அண்டைக்கு வந்து நிண்டதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்." கறிச் சட்டியைக் கண்ணால் காட்டினாள். "இறைச்சி ஆறமுந்திச் சாப்பிடுங்கோ."

ஹியூபேட் மேசையின் மறுபக்கத்திலிருந்து அவளைப் பார்த்தான். சாம்பல் பூசிய நாளிலிருந்து அவளைப் பார்த்துக் கதைத்த அதே முகம். கண்ணில் கெஞ்சல் இருந்தது. எதற்காகக் கெஞ்சுகிறது என்று அந்தக் கண்ணுக்கே சரியாகத் தெரியாதது போலவும் இருந்தது. கிளாஸை இரண்டு விரலால் தொட்டு, மிகக் கொஞ்சமாக, அவள் பக்கம் நகர்த்தினான்.

"பேர்ணடெற்," என்றான் மெதுவாக. "ஒருக்கா."

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். நகக் கண்களில் தூளின் மண்ணிறம் இன்னும் போகாமல் இருந்தது. மேசைக்குக் கீழே தன் பாதத்தை நகர்த்தி, அவனுடைய பாதம் இருக்கும் இடத்தைத் தேடி, அதோடு சேர்த்து வைத்தாள்.

"இல்லையப்பா," என்றாள். "என்ரை கையாலை இல்லை."